ஐந்து முறை ஷிப்ட்

கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவளைக் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தில்தான் ஆரம்பிப்பார்கள்: “நாங்க ஒண்ணுமே பண்ணலை.”

நானும் அதை நம்புவதாகக் காட்டிக்கொள்வேன். நீங்களும் எங்கேயாவது இதைச் சொல்லியிருப்பீர்கள். திரை அசையாமல் நின்றதும் மவுஸை மேஜையில் தட்டி, என்டரைக் குத்தி, மானிட்டரின் பக்கவாட்டில் செல்லமாக ஒரு அறை கொடுத்து, கடைசியில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதற்குப் பிறகு போன் போட்டுச் சொல்லியிருப்பீர்கள். வெட்கப்பட வேண்டாம், என் சொந்தக் கம்ப்யூட்டரை நானும் அறைந்திருக்கிறேன். மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் பதினெட்டு வருஷம் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்து, “முதலில் கன்ட்ரோலை அமுக்குங்கள்” என்று பல தேசத்தாருக்கு இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். இப்போது தூத்துக்குடியில் ஸ்கூட்டியில் பையை மாட்டிக்கொண்டு போய் அதையே தமிழில் சொல்கிறேன். பக்கத்து ஊர் நாசரேத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது இரண்டு மொழியையும் ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பிளக்கைப் பிடுங்கப் போகிற கைக்கு இரண்டுமே புரியாது என்பது மட்டும் பாடத்தில் இல்லை.

சார் எப்போ வருவார்?

உப்பளக் கம்பெனி ஒன்றின் ஆபீஸிலிருந்து, கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிட்டது என்று போன். போய்ப் பார்த்தால், சூட்டில்தான் அது மயங்கிவிட்டது என்று முடிவுசெய்து, மேனேஜர் அண்ணாச்சி டேபிள் பேனை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் தான் துண்டால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கழுத்தை நீட்டி வாசலை எட்டிப் பார்த்தார். எனக்குப் பின்னால் யாரும் வரவில்லை.

நின்றுபோன கம்ப்யூட்டரில் நான் முதலில் தொடுவது கேப்ஸ் லாக் கீயை. ஒருமுறை தட்டினால் கீபோர்டில் சின்ன விளக்கு ஒன்று எரிய வேண்டும், இன்னொருமுறை தட்டினால் அணைய வேண்டும். அப்படி நடந்தால் உள்ளே உயிர் இருக்கிறது, ஏதோ ஒரு புரோகிராம்தான் வழியை மறித்துக்கொண்டு கிடக்கிறது என்று அர்த்தம். விளக்கு எரிந்தது. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினேன். ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராம்களின் பட்டியல் திறந்தது. அதில் பதில் பேசாமல் கிடந்த ஒன்றை மட்டும் முடித்துவைத்தேன். மற்றதெல்லாம் வைத்தது வைத்தபடியே இருந்தது. மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். அண்ணாச்சி பேனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, நிறைவாகத் தலையாட்டினார்.

“நல்லா சரி பண்ணிட்டிய. எதுக்கும் சார் வந்து ஒரு தடவ பாத்துட்டுப் போவாவளா?”

வலை சுற்றினால்

விசைப்படகுக்காரர்களின் சங்க ஆபீஸ் ஒன்றுக்கும் நான்தான் கம்ப்யூட்டர் பார்க்கிறேன். படகுகள் விடியும்போது புறப்படும். துறைமுகத்தைத் தாண்டும்போது ஒவ்வொரு படகிலிருந்தும் வாக்கி-டாக்கியில் ஆட்களின் பெயரைச் சொல்ல, ஆபீஸில் இருக்கிறவர் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். இன்றைக்குக் கடலில் யார் எந்தப் படகில் இருக்கிறார்கள் என்பதற்கு அந்த லிஸ்ட் ஒன்றுதான் ஆதாரம். அந்த வேலை மிக்கேல் அண்ணனுடையது. முப்பது வருஷம் டிரைவர். படகு ஓட்டுகிறவரையும் இங்கே டிரைவர் என்றுதான் சொல்வோம். வலை இழுக்கிற வின்ச்சில் கை மாட்டியதற்குப் பிறகு கடலுக்குப் போவதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். நான் போனபோது இடது கையைத் துண்டுக்குள் வைத்தபடி எழுந்து நின்றார். நான் திரையைத்தான் பார்த்தேன், கையைப் பார்க்கவில்லை.

கம்ப்யூட்டர் நின்றால் அண்ணன் யோசிக்கவே மாட்டார், பிளக்கைப் பிடுங்கிவிடுவார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஓடுகிற படகுக்கு அடியில் சுழல்கிற விசிறியில் வலை சுற்றிக்கொண்டால் முதல் வேலை எஞ்சினை நிறுத்துவது. ஒரு நொடி தயங்கினால் வலையும் போகும், எஞ்சினும் போகும். முப்பது வருஷம் அப்படிப் பழகிய கை, ஆபீஸுக்கு வந்தும் அதையே செய்தது. அப்படிப் பிடுங்கியதில் இரண்டு முறை பைலே கெட்டுப்போய், அன்றைய லிஸ்ட் மொத்தமும் திறக்கவில்லை. மூன்றாம் முறையும் போனால் அந்த நாற்காலிக்கு வேறு ஆள் என்று செயலாளர் சொல்லிவிட்டார். செயலாளர் வயதில் சின்னவர். ஒரு காலத்தில் மிக்கேல் அண்ணன் ஓட்டிய படகில் வலை இழுத்தவர். இதை இரண்டு பேருமே வெளியில் சொல்வதில்லை.

“எஞ்சினை நிறுத்தாதிங்கண்ணே, சுத்தின வலைய மட்டும் அறுத்து விட்டாப் போதும்” என்று அவர் தொழிலை வைத்தே விளக்கியதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். சார்ட் பேப்பரில் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். முதலில் கேப்ஸ் லாக் விளக்கு. பிறகு ஒரு நிமிஷப் பொறுமை. பிறகு கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப், மூன்றும் ஒரே நேரத்தில். ‘ஒரே நேரத்தில்’ என்பதற்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு. அண்ணன் அந்தச் சிவப்புக் கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எழுத்து நல்லாருக்கு தங்கச்சி. இந்த நாற்காலி போச்சின்னா நான் வீட்டு வாசல்ல உக்காந்து அடுத்தவன் படகு போறதப் பாக்கணும், அதான்.”

நாலு கைக்கு நாலு கீ

மாப்பிள்ளையூரணியில் ரிட்டயர் ஆன தலைமையாசிரியை ஒருவர் இருக்கிறார். வெளியூர் மகளோடு வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போது திரை கறுத்துவிட்டது என்று போன் செய்தார். குரலைக் கேட்டால் யாருக்கோ ரொம்ப முடியவில்லை என்றுதான் நினைப்பீர்கள். உள்ளே சத்தம் மட்டும் வந்துகொண்டிருக்கிறதாம். மகள் “அம்மா, அம்மா” என்கிறாளாம். சத்தம் வந்தால் கம்ப்யூட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, படம் காட்டுகிற பகுதிதான் மக்கர் செய்கிறது. அதற்கு நாலு கீ சேர்த்து அமுக்க வேண்டும்: விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிப்ட், பி.

“நாலா?” என்றார் டீச்சர். பிறகு கணவரைக் கூப்பிட்டார். அவருக்கு இரண்டு, தனக்கு இரண்டு என்று பங்கு பிரித்தார். ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி அமுக்கச் சொன்னேன். கணவர் இரண்டிலேயே அமுக்கிவிட்டார் போல. பின்னணியில் ஒரு சின்ன வாக்குவாதம் நடந்து முடிந்தது. அடுத்த தடவை ‘பீப்’ என்று ஒரு சத்தம், திரை ஒருமுறை துடித்ததாம், மகள் முகம் வந்ததாம். டீச்சர் மறுபடியும் போனை எடுத்தார்.

“கல்யாணம் ஆகி முப்பத்தாறு வருசத்துல இவிய நான் சொன்ன நேரத்துல சொன்னதச் செஞ்சது இதான் முதல் தடவ.”

கேட்காத மாதிரி இருந்துகொண்டு

துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் ஒரு கிளியரிங் ஏஜென்சி. கப்பலில் ஏற்றுகிற சரக்குக்கு வேண்டிய காகிதங்களை அங்கே தயார்செய்வார்கள். கிளார்க் செல்வகுமார் ஒருநாள் பிரிண்ட் கொடுத்ததும் கம்ப்யூட்டர் அசையாமல் நின்றுவிட்டது. மறுபடியும் கிளிக் செய்தார். பிறகு மறுபடியும். நீங்களும் நானும் வேறென்ன செய்திருப்போம். நின்றுபோன மெஷின் நம்முடைய ஒவ்வொரு கிளிக்கையும் வரிசையில் நிறுத்தி வைத்துக்கொள்ளும் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வராது. நான் போய்ச் சேர்வதற்குள் அது தானாகவே விழித்துக்கொண்டது. செல்வகுமார் பிரிண்டருக்கு முன்னால் நின்று ஒவ்வொரு காகிதமாக வாங்கிக்கொண்டிருந்தார். எல்லாம் ஒரே காகிதம். பதினேழாவது வந்தபோது என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“கேக்காத மாதிரி இருந்துக்கிட்டு எல்லாத்தையும் கேட்டுருக்கு பாருங்க மேடம்.”

வேலைவெட்டி இல்லாதவன்

அதே செல்வகுமார், இரண்டு வாரம் கழித்து, வைரஸ் வந்துவிட்டது என்றார். திடீர் திடீரென்று ஒரு சத்தத்தோடு பெட்டி ஒன்று எழுந்து வந்து என்னவோ கேட்கிறதாம். பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். மனிதர் யோசிக்கும்போது விரலால் எதையாவது தட்டுகிறவர். மேஜையில் இடமில்லாததால் ஷிப்ட் கீயைத் தட்டிக்கொண்டிருந்தார். ஷிப்டைத் தொடர்ந்து ஐந்து முறை தட்டினால் ‘ஸ்டிக்கி கீஸ் வேண்டுமா’ என்று கம்ப்யூட்டர் கேட்கும். கீகளைச் சேர்த்து அமுக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக அமுக்குவதற்கான ஏற்பாடு அது. இத்தனை வருஷத்தில் அதற்கு ‘ஆமாம்’ சொன்ன ஒரு ஆளையும் நான் பார்த்ததில்லை.

அந்தப் பெட்டி இனிமேல் எழுந்தே வராதபடி உள்ளே போய் அணைத்துவைத்தேன். அன்றிலிருந்து அது என் கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது. எந்த ஆபீஸுக்குப் போனாலும், யாரும் கேட்காமலே, கிளம்புமுன் அதை அணைத்துவிட்டுத்தான் வருவேன். உப்பளத்தில் அணைத்தேன், சங்க ஆபீஸில் அணைத்தேன், டீச்சர் வீட்டிலும் அணைத்தேன். ஊருக்குச் சத்தமில்லாமல் ஒரு சேவை. செல்வகுமார் கேட்டதற்கு நானும் சேர்ந்து சிரித்தேன்.

“இதெல்லாம் யாருக்குன்னு மேடம் செஞ்சு வச்சிருக்கான்? வேலவெட்டி இல்லாதவன்.”

செயலாளரின் சந்தேகம்

சங்கச் செயலாளர் போன் செய்தார். வழக்கமாக ஊருக்கே கேட்கப் பேசுகிறவர், அன்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். மிக்கேல் அண்ணனுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே, சமீபத்தில் பேசினீர்களா என்று கேட்டார். பிளக்கைப் பிடுங்கிவிட்டாரா என்றேன். இல்லை, அதெல்லாம் இல்லை, லிஸ்ட் பத்திரமாக இருக்கிறது என்றார். ஆனால் இரண்டு நாளாகக் காலையில் ஆபீஸுக்குள் நுழையும்போது ஒன்றைப் பார்த்தாராம். முதல் நாள் கண் தவறு என்று விட்டுவிட்டாராம். இரண்டாம் நாள் ஜன்னல் வழியாக நின்று நன்றாகவே பார்த்தாராம்.

“மிக்கேலண்ணன் கம்ப்யூட்டருக்கு முத்தம் குடுக்காவ மேடம்.”

கட்டைவிரல்

போனேன். என்ன நடக்கிறது என்று காட்டச் சொன்னேன். அண்ணன் கதவைச் சாத்திவிட்டு வந்து, துண்டை எடுத்துத் தோளில் போட்டார். இடது கையில் கட்டைவிரல் மட்டும் இருந்தது. வின்ச்சில் மாட்டிய அந்தக் கையை இழுக்கப் போன வலது கையும் அடிபட்டதில், அதில் ஆள்காட்டி விரலைத் தவிர மற்றவை மடங்குவதில்லை. அத்தனை பெயரையும் தினமும் அந்த ஒற்றை விரலால்தான் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு கீயை எட்டாத இடது கட்டைவிரலைக் கன்ட்ரோலில் வைத்தார். வலது விரலை ஷிப்டில் வைத்தார். பிறகு குனிந்து, முகவாயால் எஸ்கேப்பை அமுக்கப் பார்த்தார். மூக்குக்கண்ணாடி கீபோர்டில் விழுந்தது. முகவாய் பக்கத்துக் கீயில் பட்டு, என்ன உதவி வேண்டும் என்று கேட்டுத் திரையில் ஒரு ஜன்னல் திறந்தது. சுவரில் என் சார்ட். சிவப்பு மையில் இரண்டு கோடு.

ஏன் அண்ணே சொல்லவில்லை என்றேன். “அவ்வளவு அழகா எழுதி ஒட்டிருந்திய” என்றார். காலையில் ஆபீஸில் அவர் தனி ஆள். பங்கு பிரித்து அமுக்க டீச்சர் வீட்டைப் போல இன்னொரு ஜோடிக் கை கிடையாது. நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, நானே அணைத்துவைத்திருந்ததைத் தேடிப்போய்த் திறந்தேன். பிறகு எழுந்து அவரை உட்காரச் சொல்லி, ஷிப்டை ஐந்து முறை தட்டச் சொன்னேன். பெட்டி வந்தது. இத்தனை வருஷத்தில் முதல் முறையாக ஒருவர் அதற்கு ‘ஆமாம்’ சொன்னார். கன்ட்ரோலைத் தொட்டுவிட்டு விரலை எடுத்தார், ஒரு சின்ன சத்தம். ஷிப்ட், இன்னொரு சத்தம். எஸ்கேப். பட்டியல் திறந்தது. அண்ணன் அதை மூடிவிட்டு மறுபடியும் செய்து பார்த்தார். யாராவது தெரியாமல் இரண்டு கீயைச் சேர்த்து அமுக்கினால் இந்த ஏற்பாடு தானாக அணைந்துவிடும். அப்படி ஆகாதபடி அதற்கான கட்டத்தில் இருந்த டிக்கையும் எடுத்துவிட்டேன்.

“முதல்லருந்தே இது உள்ளதான் கிடந்துச்சா?” என்றார். கிடந்தது, நான்தான் அணைத்துவைத்திருந்தேன் என்று ஒத்துக்கொண்டேன். சிரித்துக்கொண்டே துண்டை உதறினார். மறுபடி கையை மூடவில்லை.

“சரி விடுங்க தங்கச்சி. நீங்களும் பிளக்கத்தான் புடுங்கிருக்கிய.”

காற்று மாறிய மத்தியானம்

அதற்குப் பிறகு ஒருநாள் மத்தியானம், பிரிண்டரில் மை மாற்றச் சங்க ஆபீஸுக்குப் போயிருந்தேன். காற்று திடீரென்று மாறிவிட்டதால் படகுகளை எல்லாம் திரும்பி வரச் சொல்லியிருந்தார்கள். கரை சேர்ந்த ஒவ்வொரு படகுக்கும் நேரே மிக்கேல் அண்ணன் லிஸ்டில் ஒரு குறி போட்டுக்கொண்டே வந்தார். வாக்கி-டாக்கியும் போனும் மாறி மாறிக் கூப்பிட்டதில் சேமிக்க மறந்துவிட்டது. செயலாளருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அண்ணனின் தோளுக்கு மேலாக எக்கி, அதே கம்ப்யூட்டரில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டுகிற ஒரு வரைபடத்தைத் திறந்தார். அது பாதி வந்து நின்றது. அதோடு எல்லாமே நின்றது. அந்த நேரம் பார்த்து மீன்துறையிலிருந்து போன்: இன்னும் வராத படகு எது, அதில் யார் யார் இருக்கிறார்கள்?

செயலாளரின் கை பிளக்குக்குப் போனது.

“ஏலே, கைய எடு.”

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. செயலாளர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். படகில் நின்று பல வருஷம் கேட்டுப் பழகிய குரல் அது, கை அதற்குத்தான் கட்டுப்பட்டது. என் கையும் கீபோர்டுப் பக்கம் பாதி தூரம் போயிருந்தது. அண்ணன் திரும்பாமலே, “உங்களயுந்தான் தங்கச்சி” என்றார். கேப்ஸ் லாக்கைத் தட்டினார். விளக்கு எரிந்தது. இன்னொரு தட்டு, அணைந்தது. பிறகு ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு நிமிஷத்தை நீங்கள் அங்கே நின்று பார்த்திருக்க வேண்டும். அதைச் சுவரில் எழுதி ஒட்டியவள் நானே என்றாலும் எனக்கு வியர்த்துவிட்டது. திரை அசையவில்லை. கன்ட்ரோல், ஒரு சத்தம். ஷிப்ட், ஒரு சத்தம். எஸ்கேப். பட்டியல் மெதுவாக எழுந்து வந்தது. காற்று வரைபடம் பதிலில்லாமல் கிடந்தது. அம்புக் கீயால் இறங்கிப் போய் அதை மட்டும் முடித்துவைத்தார். அதன் அடியில் லிஸ்ட் இருந்தது, போட்ட குறிகளோடு. முதலில் சேமித்தார். அதற்குப் பிறகுதான் போனை வாங்கி, வராத இரண்டு படகின் பதினோரு பெயரையும் நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

முக்கால் மணி நேரத்தில் இரண்டு படகும் வந்தன, ஒன்று மற்றதைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு. பின்னால் வந்த படகின் விசிறியில் வலை சுற்றிக்கொண்டதாம். டிரைவர் உடனே எஞ்சினை நிறுத்திவிட்டானாம். “அங்கன அதான் செய்யணும்” என்று அண்ணன் என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கடைசி இரண்டு குறியையும் போட்டார். செயலாளர் குனிந்து அந்தப் பிளக்குக்கும் சுவிட்சுக்கும் மேலே கையால் அளவு பார்த்தார்.

“மிக்கேலண்ணே, அந்த சுவிட்சுக்கு மேல ஒரு பெட்டி அடிச்சிப் பூட்டிருவோம். சாவி உங்ககிட்டயே இருக்கட்டும், நானே வந்து கேட்டாலும் தராதிய.”

ஆபீஸ் ஆபீஸாக நான் அணைத்துவைத்ததை இப்போது போகிற இடமெல்லாம் சத்தமில்லாமல் திரும்பத் திறந்துவிட்டு வருகிறேன். “திடீர்னு என்னமோ ஒரு பெட்டி எந்திரிச்சு வருதே மேடம், என்ன பண்ணினிய” என்று யாராவது போன் செய்து கேட்டால், இந்தத் தொழிலில் கேட்டுக் கேட்டுப் பழகிய பதிலைத்தான் சொல்கிறேன், நான் ஒண்ணுமே பண்ணலை.